நோயாளியின் மணிக்கு மாத்திரை கொடுங்கள்

மாண்புமிகு தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலாளர் அவர்களுக்கும், அரசு மருத்துவக் கல்லூரி முதல்வர்களுக்கும், மாவட்டத் தலைமை மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கும், வார்டுகளில் இரவும் பகலும் நிற்கும் செவிலியர்களுக்கும் வணக்கம்.

பார்க்கின்சன் நோயாளி ஒருவரின் மகள் நான். முதலில் நான் கேட்பது அதிகப் பணம் பிடிக்காத காரியம். தமிழ்நாட்டில் எந்த மருத்துவமனையில், எந்த நோய்க்காக, எந்த வார்டில் சேர்ந்தாலும், பார்க்கின்சன் நோயாளிக்கு அந்த நோய்க்கான லெவோடோபா மாத்திரை அவர் வீட்டில் எந்த மணிக்குச் சாப்பிட்டு வந்தாரோ அந்த மணிக்கே கிடைக்க வேண்டும். அரை மணி நேரம் முன்பின் ஆகலாம், அதற்கு மேல் தள்ளிப் போகக் கூடாது. இதை எழுத்தில் ஆணையாகப் பிறப்பித்து, வார்டுச் சுவரில் ஒட்டச் செய்யுங்கள்.

நரம்பியல் மருத்துவர்களுக்கு இதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எங்கள் வீட்டு நோயாளிகள் நரம்பியல் வார்டில் படுப்பது அபூர்வம். தடுமாறி விழுந்து தொடை எலும்பு முறிந்து எலும்பு வார்டுக்கு வருவார்கள். சிறுநீர்த் தொற்றோடு பொது மருத்துவ வார்டுக்கு வருவார்கள். உணவு புரையேறி நுரையீரலில் சளி கட்டியும், கண்புரைக்காகவும், குடலிறக்கத்துக்காகவும் வருவார்கள். வந்த நோய்க்கு நல்ல வைத்தியம் நடக்கும். ஏற்கெனவே இருக்கிற நோயின் மாத்திரை, வார்டில் எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கிற நேரத்துக்கு மாறிவிடும். காலை எட்டு, மதியம் இரண்டு, இரவு எட்டு. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் இந்த நேரம் பெரும்பாலும் பொருந்தும். எங்களுக்குப் பொருந்தாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் மெல்ல மெல்ல அழிவதால் வருகிற நோய் இது. உடல் அசைவில் குறை தெரியத் தொடங்கும்போதே அந்த அணுக்களில் பாதியோ அதற்கு மேலோ போயிருக்கும். மாத்திரையில் இருக்கும் லெவோடோபா மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிறது. ஆனால் ரத்தத்தில் அதன் அளவு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். நோய் வந்த முதல் சில ஆண்டுகளில், மிச்சமிருக்கும் அணுக்கள் அதைச் சேமித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவு செய்யும். ஆண்டுகள் போகப் போக அந்தச் சேமிப்பும் இல்லாமல் போகிறது. தண்ணீர்த் தொட்டி இல்லாத வீட்டில் குழாய் வரும் வரைதான் தண்ணீர் என்பதுபோல, மாத்திரை உள்ளே இருக்கும் வரைதான் அசைவு. அதனால்தான் முற்றிய நோயாளிக்கு ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஆறு வேளை என்று மருத்துவர் பிரித்து எழுதுகிறார். என் அப்பாவுக்குக் காலை ஆறு, ஒன்பதரை, மதியம் ஒன்று, மாலை நாலரை, இரவு எட்டு. இந்தக் கணக்கு ஒரே நாளில் வந்ததல்ல. மருத்துவரும் அப்பாவும் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தது.

மாத்திரை தாமதமானால் என்ன ஆகும் என்பதைக் கிட்டே இருந்து பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முதலில் முகம் போகும். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் இமைப்பது குறைந்து, முகத்தில் உணர்ச்சியே இல்லாமல் ஆகும். குரல் இறங்கி முணுமுணுப்பாகும். பிறகு கால். நடந்து வருகிறவர் கதவு நிலையருகில் வந்ததும் பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார். உடம்பு முன்னால் சாயும், கால் வராது. வீட்டில் நிலைப்படிக்கு முன்னால் தரையில் குறுக்காக வெள்ளை டேப் ஒட்டி வைத்திருக்கிறோம். அந்தக் கோட்டைத் தாண்டும் எண்ணத்தோடு காலை எடுத்து வைத்தால் கால் வந்துவிடுகிறது. படுத்திருந்தால் புரண்டு படுக்க முடியாது. வாயில் ஊறும் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் போகும். இந்த நிலையில் ஒருவருக்கு இட்லியை ஊட்டினால் அது எங்கே போகும் என்பதை மருத்துவம் படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். பார்க்கின்சன் நோயாளிகளின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் முன்னணியில் இருப்பது புரையேறி வரும் நிமோனியா. லெவோடோபாவைத் திடீரென்று அடியோடு நிறுத்தினால் காய்ச்சலும் விறைப்புமாக உயிருக்கே ஆபத்தான நிலை வரக்கூடும் என்பதும் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான்.

அப்பா கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். எந்த மருத்துவமனை என்று எழுதப்போவதில்லை, இது பல இடங்களில் நடப்பதுதான். அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு பத்து மணிக்கு மேல் வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது என்றார்கள். காலையில் முதல் ஆளாக எடுப்பார்கள் என்று நினைத்தோம். மதியத்துக்கு மேல்தான் உள்ளே அழைத்துப் போனார்கள். அதுவரைக்கும் மாத்திரை இல்லை. ஒரு வாய்த் தண்ணீரில் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். வாய் வழியாக எதுவும் கூடாது என்று ஷீட்டில் இருக்கிறது என்றார்கள். அறுவை முடிந்ததும் வாந்தி வந்தது. வாந்திக்கு வழக்கமாகப் போடும் மெட்டோகுளோபிரமைடு ஊசியைப் போட்டார்கள். அந்த மருந்து மூளையில் டோபமைன் வேலை செய்யும் இடத்தையே அடைத்துவிடும். பார்க்கின்சன் நோயாளிக்குக் கொடுக்கக் கூடாத மருந்துகளில் அது முதல் வரிசையில் இருக்கிறது. மாலைக்குள் அப்பா மரக்கட்டையாகக் கிடந்தார். கண் மட்டும் என்னைப் பின்தொடர்ந்தது. "வயதாகிவிட்டது அம்மா, மயக்க மருந்து தெளிய நேரமாகும்" என்றார் டியூட்டி டாக்டர். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. ஒரே ஆள் அத்தனை படுக்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரவுப் பணிக்கு வந்த செவிலியர்தான் என் கையிலிருந்த பழைய மருந்துச் சீட்டை வாங்கி நிதானமாகப் படித்தார். "எத்தனை மணிக்கு எத்தனை, சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். டியூட்டி டாக்டரிடம் போய்ப் பேசிவிட்டு வந்து, சாதாரண லெவோடோபா மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து மூக்குக் குழாய் வழியாகக் கொடுத்தார். கேஸ் ஷீட்டின் தலையில் சிவப்பு மையில் ஐந்து நேரங்களையும் எழுதி அடிக்கோடிட்டார். மறுநாளிலிருந்து பகல் பணிக்கு வந்தவர்களும் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். அப்பாவுக்குக் குரல் திரும்பி வந்தது. சட்டம், நிதி ஒதுக்கீடு, புதிய இயந்திரம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. ஆனால் அந்தச் சிவப்பு எழுத்து அந்த ஒரு செவிலியரின் நல்ல மனதால் வந்தது. அது விதியாக இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வழக்கு.

பிரிட்டனில் பார்க்கின்சன்ஸ் யுகே என்ற அமைப்பு, மருத்துவமனைகளில் நேரத்துக்கு மாத்திரை கொடுக்கக் கோரி 2006-இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. 2018-இல் அந்நாட்டில் மருத்துவ வழிகாட்டு நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு வெளியிட்ட தர அளவுகோலில், மருத்துவமனையிலோ பராமரிப்பு இல்லத்திலோ இருக்கும் பார்க்கின்சன் நோயாளிக்கு அவருக்கென்று எழுதப்பட்ட நேரத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் லெவோடோபா கொடுக்கப்பட வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். வசதியான நாடு என்று ஒதுக்கிவிட வேண்டாம். கடிகாரம் நம்மிடமும் இருக்கிறது. கொடுப்பதற்கு ஆள் போதவில்லை என்றால், சுயநினைவோடு இருக்கும் நோயாளியோ கூட இருக்கும் உறவினரோ தங்கள் மாத்திரையைத் தாங்களே எடுத்துக்கொள்ள அனுமதி கொடுங்கள். சேர்க்கும்போதே வீட்டு மாத்திரைகளை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, இங்கே கொடுப்பதை மட்டும் சாப்பிடுங்கள் என்று சொல்லும் வழக்கத்திலிருந்து இந்த ஒரு மாத்திரைக்காவது விலக்கு வேண்டும்.

அதே ஆணையில் இன்னும் சில வரிகள் இடம்பெற வேண்டும். அறுவை சிகிச்சை இருந்தால் பார்க்கின்சன் நோயாளியைப் பட்டியலில் முதலில் எடுங்கள். வாயால் முடியாதபோது மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கலாம் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். மெல்லக் கரையும் வகை மாத்திரையைப் பொடிக்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கொடுக்கக் கூடாத மருந்துகளின் பெயர்கள் மருந்து அலமாரியின் கதவிலேயே இருக்கட்டும்: மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின், ஹாலோபெரிடால். வாந்திக்கு மூளையைத் தொடாத டோம்பெரிடோன் போன்ற மாற்றுகள் இருக்கின்றன, இதயத் துடிப்பைப் பார்த்துக் கொடுப்பதை மருத்துவர்கள் முடிவு செய்வார்கள். இரவில் நோயாளி, அங்கே இல்லாத ஆட்கள் இருப்பதாக நினைத்துப் பேசினால், அமைதிப்படுத்த ஹாலோபெரிடால் ஊசி போடுவதற்கு முன்னால் நரம்பியல் துறைக்கு ஒரு போன் போட்டுக் கேட்கலாம். மாத்திரையைப் பாலோடும் முட்டையோடும் சேர்த்துக் கொடுக்காமல், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுக்கச் சொல்லுங்கள். புரதமும் லெவோடோபாவும் உடலுக்குள் நுழைய ஒரே வாசலுக்குப் போட்டியிடுகின்றன. இரும்புச்சத்து மாத்திரையும் தள்ளியே இருக்கட்டும்.

மருந்துகளைப் பற்றிப் பேசுகையில் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தலைசுற்றலுக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரப்படும் சின்னரிசின், ஃபுளுநரிசின் மாத்திரைகள் வயதானவர்களுக்குப் பார்க்கின்சன் போன்ற விறைப்பையும் நடுக்கத்தையும் உண்டாக்கக்கூடும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மாதாமாதம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும் பெரியவர்கள் எத்தனையோ பேர். நடுக்கத்தோடு ஒருவர் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தால், புதிய மாத்திரையை எழுதுவதற்கு முன்னால் பழைய மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி வார்டுக்கு வெளியே வருகிறேன்.

அப்பாவின் நோயை முதலில் கண்டுபிடித்தது ஒரு வங்கி. ஓய்வூதியம் எடுக்கப் போனவரிடம், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பணம் எடுக்கும் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தவர், முத்து முத்தாக எழுதுவார். அன்று போட்ட கையெழுத்து முதல் எழுத்தில் தொடங்கிப் போகப் போகச் சிறுத்து, கடைசியில் ஒரு கோடாக முடிந்திருந்தது. நடுக்கம் கொஞ்சமும் இல்லை. கை நடுங்கினால்தான் பார்க்கின்சன் என்று ஊரில் நினைக்கிறார்கள். எல்லோருக்கும் நடுக்கம் வருவதில்லை. எழுத்துச் சிறுப்பது, நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் இருப்பது, ஒரு பக்கத் தோள் வலி, குழம்பு கொதிக்கும் வாசனை தெரியாமல் போவது, பல ஆண்டு மலச்சிக்கல், தூக்கத்தில் கத்திக் கையைக் காலை உதறுவது எல்லாம் முன்னறிகுறிகளாக இருக்கலாம். தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதுவும் நோய் அல்ல. இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லும் அளவுக்கு ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

அந்த ஒருவர் ஏற்கெனவே நம் தெருவுக்கு வருகிறார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாக வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள். இயன்முறை மருத்துவரும் வருகிறார். 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது, மனதாரப் பெருமைப்பட்டேன். அந்தப் பெண்களுக்கு இந்த அறிகுறிகளைச் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் கொண்டுவரும் மருந்துப் பையில், நரம்பியல் மருத்துவர் ஒருமுறை எழுதிக் கொடுத்த லெவோடோபா-கார்பிடோபாவும் இடைவெளி விழாமல் இருக்கட்டும். இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கும் மருந்துதான் இது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மருந்துக் கொள்முதல் முறையைப் பிற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போயிருக்கின்றன. அப்படிப்பட்ட ஏற்பாடு இருக்கும் மாநிலத்தில், கதவு நிலையைத் தாண்டத் தடுமாறும் ஒருவர் மாதாமாதம் இரண்டு பஸ் மாறி மாவட்டத் தலைநகருக்குப் போய் வரிசையில் நின்றுதான் மாத்திரை வாங்க வேண்டும் என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவர்களுக்கும் இந்த நோய்க்கென்று தனிப் பயிற்சி வேண்டும். பக்கவாதத்துக்குச் செய்வதை அப்படியே இதற்குச் செய்தால் போதாது. தாளம் போட்டு நடக்க வைப்பது, கோட்டைத் தாண்டச் சொல்வது, பெரிய அசைவாகச் செய்யப் பழக்குவது, உரக்கப் பேசப் பழக்குவது எல்லாம் இதற்கென்றே உள்ள முறைகள். விழுங்கும் பயிற்சி சொல்லித்தரும் பேச்சுப் பயிற்சியாளர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் பார்க்கின்சனும் வருகிறது. சான்றிதழ் முகாமில் இது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதோடு, மாத்திரை நன்றாக வேலை செய்யும் பதினொரு மணிக்கு அப்பாவை நடக்கச் சொல்லிப் பார்த்தால் அவர் ஓரளவு நன்றாகவே நடப்பார். மாலை நான்கு மணிக்கு வந்து பாருங்கள். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அசைவின்றி இருக்கிறார் என்று கேட்காமல் குறைபாட்டு விழுக்காடு போட்டால் அந்தச் சான்றிதழ் பொய் சொல்லும்.

ஆராய்ச்சி பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த நோய்க்கு நம் ஊர் புதிதல்ல. பூனைக்காலி என்ற மூலிகைக் கொடியின் விதையில் லெவோடோபா இருப்பதை 1937-இல் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் எம். தாமோதரன், ஆர். ராமசாமி என்ற சென்னை ஆய்வாளர்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் லெவோடோபா கலந்த டோபா மருந்தை அதிக அளவில் கொடுத்து நோயாளிகளை எழுந்து நடக்க வைத்தது அதற்கு 30 ஆண்டுகள் கழித்து, 1967-இல். அந்த மாத்திரை வருவதற்கு முன்பே, 1960-களில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன் ஆகியோர் தலையில் சட்டகம் பொருத்தி, மூளையின் ஆழத்தில் குறி வைத்துச் செய்யும் அறுவை சிகிச்சையைப் பார்க்கின்சன் நோயாளிகளுக்குச் செய்தார்கள். ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணர்களில் ஒருவரான டி.எஸ். கனகா அங்கே அந்தத் துறையில் வளர்ந்தவர். ஏழைகள் வந்து படுத்த அரசு மருத்துவமனையில் இதெல்லாம் நடந்தது. இன்று மூளையின் ஆழத்தில் மின்தூண்டல் கொடுக்கும் ஆழ்மூளைத் தூண்டல் கருவி பொருத்தப் பல லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். தகுதியான நோயாளிகளுக்கு அதை அரசு மருத்துவமனையிலேயே, காப்பீட்டுத் திட்டமே முழுச் செலவையும் ஏற்கும்படி செய்ய வழி காணுங்கள்.

மரபணு ஆய்விலும் நாம் கணக்கில் வர வேண்டும். இந்த நோயோடு தொடர்புடையதாக மேற்கில் அதிகம் பேசப்படும் எல்ஆர்ஆர்கே2 மரபணுவின் ஜி2019எஸ் மாற்றம் இந்தியர்களிடம் மிக அரிது. ஆகவே அதை வைத்து அங்கே செய்யும் மருந்து இங்கே எத்தனை பேருக்கு உதவும் என்பதை நம் நோயாளிகளின் ரத்த மாதிரிதான் சொல்ல முடியும். பாராகுவாட் போன்ற களைக்கொல்லிகளுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை உலகம் முழுக்க ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். காவிரிப் படுகையில் முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு, முகத்தில் துண்டுகூடக் கட்டாமல் மருந்து அடித்தவர்களை நான் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள். அவர்களில் யாருக்கு என்ன ஆனது என்று எழுதி வைக்க ஒரு மாநிலப் பதிவேடு வேண்டும். நோயாளியின் வயது, ஊர், செய்த தொழில், நோய் தெரிந்த ஆண்டு, சாப்பிடும் மாத்திரை, இவ்வளவு போதும் தொடங்குவதற்கு. 2019-இல் உலகில் 85 லட்சத்துக்கும் அதிகமானோர் இந்த நோயோடு வாழ்ந்ததாகவும், 25 ஆண்டுகளில் எண்ணிக்கை இரட்டிப்பானதாகவும் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. முதியோர் பெருகிவரும் தமிழ்நாட்டில் அந்தக் கணக்கு நம் கையில் இருந்தாக வேண்டும்.

கருவிக்கும் பதிவேட்டுக்கும் காலம் பிடிக்கும், எனக்குத் தெரியும். அவற்றுக்காக வார்டு ஆணையைக் காக்க வைக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். அது ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. நரம்பியல் மருத்துவர் ஒருவர், எலும்பு வார்டில் பல ஆண்டு இருந்த தலைமைச் செவிலியர் ஒருவர், மயக்க மருந்து மருத்துவர் ஒருவர், நோயாளிகளின் வீட்டிலிருந்து இருவர் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரே கூட்டத்தில் எழுதி முடித்துவிடலாம். ஏப்ரல் 11 உலக பார்க்கின்சன் தினம். வரும் ஏப்ரலில் அந்த ஆணையைக் கையெழுத்திட்டு வெளியிடுங்கள். கூட்டத்துக்கு அழைத்தால் நானும் வருகிறேன். அப்பாவுக்கு ஒன்பதரை மணி மாத்திரையைக் கொடுத்து, அரை மணி கழித்துச் சாப்பாடும் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும் என்பதால் பதினோரு மணிக்கு மேல் வைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பார்க்கின்சன் நோயாளி ஒருவரின் மகள்,
தஞ்சாவூர் மாவட்டம்.